கன்னியாகுமரியும் ஒரு கூஜாத் தண்ணீரும்

"இந்த வருஷமாவது என்னைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிக்கிட்டுப் போவீங்களா, இல்லே போட்டோவிலேயே பார்த்துட்டுப் போய்ச் சேர வேண்டியதுதானா?"

2025 மே மாத ஆரம்பத்தில் என் மாமியார் இப்படிக் கேட்டதும், பேப்பர் படித்துக் கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வீட்டில் பேச்சே இல்லை!

அத்தை அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த 1960-களில், குமரிக் கடலில் இருக்கும் பாறை மேல் விவேகானந்தருக்கு மண்டபம் கட்ட நாடு முழுவதும் நன்கொடை திரட்டினார்கள். ஏக்நாத் ரானடே என்பவர் முன்னின்று நடத்திய வேலை அது. அரசாங்கங்களும் கொடுத்தன, சாதாரண ஜனங்களும் ஆளுக்கு ஒரு ரூபாய் என்று கொடுத்தார்கள். அத்தையின் அப்பாவும் ஒரு ரூபாய் கொடுத்தாராம். அந்தக் காலத்தில் ஒரு ரூபாய் என்றால் சும்மாவா? மண்டபம் 1970-ல் திறக்கப்பட்டது. ஆனால் கல்யாணம், பிள்ளைப்பேறு, வயல் வேலை, மாமாவின் நோய் என்று ஐம்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. "எங்கப்பா போட்ட ஒரு ரூபாயைப் பார்க்கணும்" என்பார். இப்போது அவருக்கு வயது எழுபத்து மூன்று. சர்க்கரை வியாதியும் உண்டு.

ஆகவே கிளம்பி விட்டோம். நான், என் கணவர், அத்தை, பி.காம். படிக்கும் என் மகன், பிரசவத்துக்கு வந்து இன்னும் புகுந்த வீடு திரும்பாத என் மகள், அவளுடைய எட்டு மாதக் குழந்தை. திருச்சியிலிருந்து வாடகை வேன். முதல் நாள் ராத்திரியே புளியோதரை கிளறி, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வாழை இலையில் கட்டி வைத்தேன். அத்தைக்கென்று எவர்சில்வர் கூஜாவில் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர். விடியற்காலை நாலு மணிக்கு வேன் புறப்பட்டது.

மதுரை தாண்டிக் காலைப் பலகாரம் ஆயிற்று. அத்தை இரண்டு இட்லி சாப்பிட்டார். தண்ணீர் மட்டும் ஒரு மடக்கு.

"குடிங்க அத்தை, வெயிலு கொளுத்துது."

"வேணாம்மா. அப்புறம் இறங்கணும்பேன், உங்களுக்கெல்லாம் சிரமம்."

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது. நாமும் பஸ்ஸில் ஏறும் முன் தொண்டையை நனைத்துக் கொள்வதோடு சரி. நம் அம்மாமார்களிடமிருந்து கற்றுக் கொண்ட பாடம் இது.

மத்தியானம் வழியில் ஒரு சுற்றுலாத் தலத்தில் இறங்கினோம். ஊர் பேரை எழுதப் போவதில்லை. ஒரு ஊரைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. இந்த மாதிரி ஊர்கள் நிறைய உண்டு. அழகான இடம். வாசலில் வளைவு, தரையில் வண்ணக் கற்கள், அலங்கார விளக்குக் கம்பங்கள். மகள் சந்தோஷமாக, "அம்மா, அங்கே பாரு!" என்றாள். பூச்செடிகளுக்குப் பின்னால் 'பெண்கள்' என்று எழுதிய கட்டடம். பளிச்சென்று பெயிண்ட். பக்கத்தில் திறப்பு விழாக் கல்வெட்டு.

கிட்டப் போனால், கதவில் பூட்டு!

ஆண்கள் பக்கமும் பூட்டுதான். ஆனால் ஆண்களுக்கென்ன, மரத்தடி இருக்கிறது. நாங்கள் மூன்று பெண்கள் என்ன செய்வது? அத்தை ஒரு வார்த்தை பேசாமல் வேனுக்குத் திரும்பினார். குழந்தை பசியில் வீறிட்டது. உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு மறைவான இடம் இல்லை. வேனுக்குள் ஜன்னலில் என் சேலையைத் தொங்கவிட்டு, அந்தப் புழுக்கத்தில் மகள் பால் கொடுத்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் வியர்வை ஆறாக ஓடியது.

வாசலில் கூடை வைத்து நுங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டேன். "சாவி யார்கிட்டேம்மா இருக்கு?"

"யாருக்கு அக்கா தெரியும்? பெரிய ஆபீசருங்க வந்தா திறப்பாங்க. மோட்டார் ஓடலை, தண்ணி இல்லை. கழுவ ஆள் போட்டாங்க, நாலு மாசத்திலே சம்பளம் நின்னு போச்சு, அவளும் நின்னுட்டா. உங்களை மாதிரி குடும்பமா வர்றவங்க பத்து நிமிஷம் பார்த்துட்டு, பூட்டைக் கண்டதும் வண்டி ஏறிடுறாங்க. நின்னாத்தானே என் நுங்கு விக்கும்?"

"நீங்க என்ன செய்வீங்க?"

அவள் சிரித்தாள். "காலையிலே வீட்டை விட்டு வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான். நாள் முழுக்க நுங்கு விக்கிறேன், ஒண்ணு வாயிலே போட்டுக்கிறது கிடையாது."

வேன் நகர்ந்த பிறகும் அந்தச் சிரிப்பு என்னை விட்டுப் போகவில்லை.

சாயங்காலம் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தோம். அறைக்குள் நுழைந்ததும் அத்தை ஓடியது குளியலறைக்குத்தான். வெளியே வந்தபோது முகம் சுண்டிப் போயிருந்தது. ராத்திரி நாலைந்து தடவை எழுந்தார். எரிச்சல், அடிவயிற்றில் வலி. விடியும்போது உடம்பு கொதித்தது, குளிர் நடுக்கம் வேறு. சூரிய உதயம் பார்க்க ஊரே கடற்கரைக்கு ஓடிக் கொண்டிருக்க, நாங்கள் டாக்டரைத் தேடி ஓடினோம்.

பெண் டாக்டர். சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, "தொற்று ஏற்பட்டிருக்கு. பாட்டி, நேத்து எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டார்.

அத்தை பதில் சொல்லவில்லை. நான்தான், "முக்கால் கூஜா அப்படியே இருக்கு டாக்டர்" என்றேன்.

"தண்ணி குடிக்காம, வர்றதையும் அடக்கி அடக்கி வெச்சா கிருமிக்குக் கொண்டாட்டம்தான். சர்க்கரை இருக்கறவங்களுக்கு இன்னும் சுலபமா வரும். கவனிக்காம விட்டா சிறுநீரகம் வரைக்கும் போயிடும். லீவிலே ஊர் சுத்திட்டு இப்படி வர்ற பெண்கள் நிறைய" என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார்.

இரண்டு நாள் என்று திட்டமிட்ட பயணம் நாலு நாளாயிற்று. அறை வாடகை, வேன் வாடகை, மருந்து என்று செலவு ஒன்றரை மடங்கு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜன்னல் வழியே தூரத்தில் பாறையைப் பார்த்தபடி அத்தை படுத்துக் கிடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த இரண்டு நாளும் அறையில் உட்கார்ந்து, என் மகனிடம் கேட்டேன்: "ஏண்டா, இந்தச் சுற்றுலாவுக்கெல்லாம் பணம் யார் கொடுக்கிறாங்க? கட்டத் தெரிஞ்சவங்களுக்குத் திறக்கத் தெரியாதா?" அவன் போனில் தேடித் தேடி எனக்கு எடுத்துச் சொன்னான். நான் பத்தாவது வரை படித்தவள். எனக்குப் புரிந்த வரையில் உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் நாட்டில் சுற்றுலாவுக்கு அரசாங்கம் திட்டம் போடுவது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1945-ல் சார்ஜென்ட் என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1966-ல் இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகம், 1971-ல் நம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். 1982-ல் முதல் தேசிய சுற்றுலாக் கொள்கை, 2002-ல் இரண்டாவது கொள்கை. 'இன்கிரெடிபிள் இந்தியா' விளம்பரம் வந்ததும் அந்த 2002-ல்தான்.

பிறகு 2014-15-ல் மத்திய அரசு இரண்டு திட்டங்கள் கொண்டு வந்தது. ஒன்று 'ஸ்வதேஷ் தர்ஷன்'. பல ஊர்களை மாலை கோப்பது போல ஒரே சுற்றாக இணைத்து வசதி செய்வது. நாடு முழுக்க 76 பணிகளுக்கு 5,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கினார்கள். 2016-17-ல் சென்னை, மாமல்லபுரம், ராமேஸ்வரம், மணப்பாடு, கன்னியாகுமரி என்று நம் கடற்கரைச் சுற்றும் அதில் சேர்ந்தது. அதற்கு 73 கோடி ரூபாய் சொச்சம். இன்னொன்று 'பிரசாத்'. இது யாத்திரைத் தலங்களுக்கு. நம் பக்கத்தில் காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் அதில் உண்டு. ஸ்வதேஷ் தர்ஷனின் இரண்டாம் கட்டத்துக்கு மாமல்லபுரத்தையும் நீலகிரியையும் எடுத்திருக்கிறார்கள். 2024-ல் மாநிலங்களுக்குச் சுற்றுலாவுக்கென்றே 50 வருஷ வட்டியில்லாக் கடனும் கொடுத்தார்கள். வட்டியில்லாக் கடன்! நமக்கு யார் கொடுக்கிறார்கள்?

"அப்போ பணம் இல்லாமே இல்லை" என்றேன்.

"கட்டறதுக்குப் பணம் இருக்கும்மா. ஸ்வதேஷ் தர்ஷன்லே கட்டறதுக்கு முழுப் பணமும் மத்திய அரசு கொடுக்கும். கட்டி முடிச்சப்புறம் நடத்தறது, பராமரிக்கிறது மாநிலத்தோட பொறுப்பு. மாநிலத்துக்குக் கீழே எந்த ஆபீஸ், எந்த ஊராட்சி, எந்த கான்ட்ராக்டர்னு தெளிவா இல்லாத இடத்திலேதான் பூட்டு தொங்குது."

இதைப் புரிந்துகொள்ளக் காலேஜ் படிப்பு வேண்டாம். பொங்கலுக்குப் பிறந்த வீட்டில் கிரைண்டர் வாங்கிக் கொடுக்கிறார்கள். சந்தோஷம். அப்புறம் கரண்ட் பில் யார் கட்டுவது, கல் தேய்ந்தால் யார் கொத்தி வைப்பது, தினம் அதை யார் கழுவி வைப்பது? இதற்கு வீட்டில் ஆள் இல்லையென்றால் கிரைண்டர் மூலையில் கிடக்க வேண்டியதுதான். நாம் கடையில் மாவு வாங்க வேண்டியதுதான். கிரைண்டர் கொடுத்தவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் இட்லி இல்லை!

மகன் இன்னொரு கணக்கும் காட்டினான். 2019-ல் வெளிநாட்டிலிருந்து நம் நாட்டுக்கு வந்தவர்கள் 1 கோடியே 9 லட்சம் பேர். அதே வருஷம் உள்நாட்டு ஜனங்கள் போய்வந்த சுற்றுலாக் கணக்கு 232 கோடி. கொரோனா வந்த 2020-ல் வெளிநாட்டார் 27 லட்சமாகக் குறைந்துவிட்டார்கள். அப்படியானால் இந்தத் தொழிலை நிமிர்த்திப் பிடித்திருப்பது யார்? வாடகை வேனில் புளியோதரை கட்டிக்கொண்டு போகும் நம்மைப் போன்ற குடும்பங்கள்தானே! அந்தக் குடும்பத்தில் ஒரு பாட்டியும் ஒரு கைக்குழந்தைக்காரியும் இல்லாமல் இருப்பார்களா?

மனசு வைத்தால் நடக்காமலும் இல்லை. 2015-ல் நம் தமிழ்நாட்டில் பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். திரும்பி வரும்போது வழியில் ஒரு பஸ் நிலையத்தில் என் மகள் அப்படி ஓர் அறையில்தான் நிம்மதியாக உட்கார்ந்து பால் கொடுத்தாள். கூட்டிப் பெருக்கி, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. 2019-ல் தாஜ்மகாலிலும் பாலூட்டும் அறை வந்தது. தாஜ்மகாலுக்கே வந்தபிறகு மற்ற இடங்களுக்கு வர என்ன தடை?

நாலாம் நாள் காலை அத்தைக்குக் காய்ச்சல் இல்லை. டாக்டரிடம் கேட்டோம். "போயிட்டு வரட்டும், வெயிலுக்கு முன்னே திரும்பிடுங்க. தண்ணி மட்டும் கையிலேயே இருக்கட்டும்" என்றார்.

முதல் படகுக்கே வரிசையில் நின்றோம். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு. கரையில் கழிப்பறை எங்கே என்று முன்கூட்டியே விசாரித்துப் பார்த்து வைத்து, அத்தையிடம் காட்டி, "இப்போ குடிங்க" என்றேன். மறுபேச்சில்லாமல் குடித்தார். உயிர் காக்கும் சட்டையை மாட்டிவிட்டதும் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். பாறையில் இறங்கியதும், கல் தளத்தைக் குனிந்து கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கொண்டார். விவேகானந்த மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தியான மண்டபத்தின் அரையிருட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை.

வெளியே வந்தால் கண்ணாடிப் பாலம்! பாறையிலிருந்து 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலைக்குப் போக, 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில், தமிழக அரசு 37 கோடி ரூபாய் செலவில் கட்டி 2024 டிசம்பர் 30-ல் திறந்தது. சிலையைத் திறந்தது 2000 ஜனவரி 1. கடலில் நீர் வற்றினால் சிலைப் பக்கம் படகு போகாது என்று திரும்பிப் போனவர்கள் அந்த இருபத்தைந்து வருஷத்தில் எத்தனை பேரோ! இப்போது வயசானவர்களும் நடந்தே போகலாம். காலுக்குக் கீழே கண்ணாடி வழியாக அலை மோதுவது தெரிந்தது. எனக்கு அடிவயிறு கலங்கிற்று. அத்தையோ பேத்தியின் கையைப் பிடித்துக் கொண்டு ஜம்மென்று நடந்தார்.

"பயமா இல்லையா அப்பாயி?"

"என்னடி பயம்? நல்லாத்தான் கட்டியிருக்காங்க." நடுப்பாலத்தில் நின்று கீழே பார்த்தார். பிறகு சொன்னார்: "கடலுக்கு நடுவிலே பாலம் போடுறாங்க. ஒரு பூட்டுக்குச் சாவி கண்டுபிடிக்க மாட்டேங்கிறாங்களே."

அரசாங்கத்துக்கு நான் சொல்ல நினைத்ததெல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. புதிதாக எதையும் கட்ட வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கட்டுங்கள். ஆனால் திட்டம் போடும் அன்றைக்கே, கட்டும் பணத்தோடு கூட, அதைக் கழுவுகிறவளின் சம்பளத்தையும், மோட்டாரின் கரண்ட் பில்லையும், சாவி யார் கையில் என்பதையும் எழுதி வையுங்கள். உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுவிடம் பொறுப்பைக் கொடுத்து, ஐந்தோ பத்தோ கட்டணம் வாங்கட்டும். சந்தோஷமாகக் கொடுப்போம். நுங்கு விற்கும் அம்மாளுக்கும் அது உதவும். அவள் கூடையும் காலியாகும்.

நாமும் சிலதைச் செய்யவேண்டும், சகோதரிகளே. பட்டு அறிந்ததைச் சொல்கிறேன்:

* புறப்படும் முன் எங்கெங்கே இறங்குவது என்று பட்டியல் போடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தும்படி டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை கேட்க வெட்கப்பட வேண்டாம்.

* தண்ணீரைக் குறைக்காதீர்கள். பால் கொடுக்கும் தாய்க்குத் தாகம் அதிகம். பக்கத்திலேயே தண்ணீர் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்த வெயிலிலும் தாய்ப்பாலே போதும். தனியாகத் தண்ணீர் வேண்டாம்.

* சோப்பு, பழைய பருத்தித் துணி, மடக்குக் குடை, மறைப்புக்கு ஒரு பெரிய துப்பட்டா எல்லாம் ஒரு பையில் தயாராக இருக்கட்டும்.

* எரிச்சல், அடிக்கடி போகத் தோன்றுவது, அடிவயிற்று வலி, குளிர்காய்ச்சல் இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். வயசானவர்கள் திடீரென்று குழம்பிப் பேசினாலும் டாக்டரிடம் போங்கள். கர்ப்பிணிகளும் சர்க்கரை உள்ளவர்களும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

* நாம் உபயோகித்த இடத்தை அடுத்தவள் உபயோகிக்கும்படி விட்டு வரவேண்டும். நாப்கினைக் கழிப்பறைக் குழியில் போட்டு அடைக்கிறோமே, அந்த அடைப்பும் ஒரு நாள் பூட்டாக மாறும்.

* பூட்டிய கதவைக் கண்டால் முணுமுணுத்துவிட்டு வராமல், எழுதிப் போடுங்கள்.

நானும் எழுதினேன். ஊர் பேர், தேதி, கல்வெட்டில் இருந்த விவரம், நுங்குக்கார அம்மாள் சொன்னது எல்லாவற்றையும் ஒரு முழுத்தாளில் எழுதி, அந்த மாவட்ட அதிகாரிகளுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடைசியில் என் கையெழுத்துக்குக் கீழே அத்தையும் கையெழுத்துப் போட்டார். கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு ரசீது வந்திருக்கிறது. சாவி இன்னும் வரவில்லை. வரும் லீவில் அந்த வழியே போய்ப் பார்க்கத்தான் போகிறேன்.

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி, மூட்டை முடிச்சுகளைப் பிரித்துப் பாத்திரங்களைக் கழுவ எடுத்தேன். அத்தையின் கூஜாவைக் கவிழ்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை!